தபசு நாளில் பதிவான டிரம்பெட்

1971 ஏப்ரல் 6. கல்கத்தாவில் ஒலிப்பதிவு. கூலி ரூ. 75.
1971 செப்டம்பர் 20. அதே இசைத்தட்டு, கடையில் ஒன்று வாங்கியது, ரூ. 34.
1977 ஆகஸ்டு 11. பஸ் விபத்து. முன்பற்கள் நான்கு. நஷ்டஈடு ரூ. 200.
1983 டிசம்பர் 2. கல்கத்தாவுக்குப் பதிவுத் தபால், ரூ. 3.25.
1984 ஜனவரி 17. இருவர் பொன்மலை போய்வந்த செலவு, ரூ. 31.
1984 மே 13. ரேடியோ செட் வாடகை, ஒரு மதியம், ரூ. 40.

மரியசூசை ஒரு பாட்டுக்காகவும் அதை ஊதிய வாய்க்காகவும் பெற்றதும் கொடுத்ததும் இவை. அந்தப் பாட்டில் டிரம்பெட் ஊதியவர் அவர். ஆனால் இசைத்தட்டின் அட்டையில் டிரம்பெட்டுக்கு நேரே இருந்தது வேறொருவர் பெயர். அதை மாற்றித் தன் பெயரைப் போடவைக்க வேண்டும் என்பதுதான் ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு வந்த ஒரே ஆசை. எவனாவது திருடிக்கொண்டு போயிருந்தால் ஊரைக் கூட்டித் திட்டியாவது மனம் ஆறியிருக்கும். தன் பெயர் வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான்.

வரதராசன்பேட்டைக்குக் கிழக்கே, முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது அந்தோணியார் குடிக்காடு. ஊரில் பாதிப்பேர் முந்திரியை நம்பியவர்கள். மீதிப்பேர் வாத்தியார் வேலைக்குப் படித்தவர்கள். மரியசூசையின் அப்பா ஞானப்பிரகாசம் இரண்டிலும் சேராமல், 1934இல் கோயிலுக்கென்று ஒரு பேண்டு செட் ஆரம்பித்தார். கோயில் வாசலில், கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில், அந்த செட்டில் சேர்ந்த ஒவ்வொருவர் பெயரும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பலகையில் பெயர் ஏறிய வீட்டுக்குத் திருவிழாவில் தேருக்கு முன்னால் நடக்கும் உரிமை உண்டு. மரியசூசையின் பெயர் பதினோராவது.

செட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. சாம்பல் புதன் அன்று பூசை முடிந்ததும் கிளாரினெட், டிரம்பெட், பெரிய மேளம், சின்ன மேளம் எல்லாவற்றையும் துடைத்து பீரோவில் அடுக்கிப் பூட்டி, சாவியைக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் கொடுத்துவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் முழுக்க ஊரில் வாத்தியச் சத்தம் கேட்காது. ஈஸ்டர் பிறக்கிற பாஸ்கா இரவில்தான் பூட்டு திறக்கும். நடுவில் எங்கே போய் ஊதினாலும் குற்றம் குற்றம்தான். ஒரு வருஷம் அருளப்பன் என்ற கிளாரினெட்காரர் தபசில் செந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஊதிவிட்டு வந்தார். ஞானப்பிரகாசம் மறுநாளே கறுப்பு பெயிண்ட் வாங்கிவந்து அவர் பெயர்மேல் பூசினார். அருளப்பன் அவருக்குச் சொந்த மைத்துனர்.

வாத்தியங்கள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் ஊரில் எஞ்சியிருப்பது பெண்களின் குரல். பெரிய வெள்ளி அன்று மதியம், சிலுவையடியில் மாதா புலம்புவதைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். முன்குரல் மரியசூசையின் அம்மா அன்னம்மாள். வரி முடிகிற இடத்தில் மற்றவர்கள் குரல் இறங்கும். அன்னம்மாள் மட்டும் அங்கே ஒரு சிறு ஏற்றம் ஏறி, மூச்சு தீரும் வரை நின்று, பிறகு சட்டென்று உடைந்து விழுவார். அந்த இழுப்பு வேறு யாருக்கும் வராது என்று ஊரில் பேச்சு.

மரியசூசை பதினெட்டு வயதில் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலோ இந்தியர்களின் டான்ஸ் நடக்கும். வெளியே நின்று கேட்டவரை உள்ளே இழுத்துப்போனவர் கென்னத் என்ற டிரம்ஸ்காரர். கென்னத் வீட்டு கிராமபோனில்தான் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டை அவர் முதல்முதலாகக் கேட்டார். ஒரு மனிதன் குடித்துவிட்டு அழுவது போலவும், அழுதுகொண்டே கிண்டல் செய்வது போலவும் இருந்ததாம். ஜாஸ் என்றால் என்ன என்று கென்னத் சொல்லிக்கொடுத்தது எளிமையானது: பாட்டை முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு முறை வாசித்துவிடுவார்கள்; பிறகு தாளமும் மெட்டின் கட்டமைப்பும் அப்படியே ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக எழுந்து அதற்குள் தன் மனசில் இருப்பதை வாசிக்க வேண்டும். எழுதிவைத்து வாசித்தால் அது ஜாஸ் இல்லை. கோயில் செட்டில் எழுதிக்கொடுத்ததைத் தவிர ஒரு சுரம் கூடுதலாக ஊதினால் அப்பாவிடம் அடி விழும். அந்தப் பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1958இல் கென்னத்தோடு கல்கத்தாவுக்குப் போனார். பார்க் ஸ்டிரீட்டில் ஒரு ரெஸ்டாரண்டில் டெரிக் ரொசாரியோ என்ற பியானோக்காரர் ஐந்து பேர் செட் ஒன்றை நடத்திவந்தார். அதில் கென்னத்துக்கு டிரம்ஸ் கிடைத்தது; டிரம்பெட் பெலிக்ஸ் நரோனா, கோவாக்காரர். விளம்பரத் தட்டியில் பெயர் வருகிற அளவுக்குப் பெரிய ஆள். பெலிக்ஸ் வராத நாளில் ஊதுகிற ஆறாவது ஆள் மரியசூசை. சம்பளத்தில் பாதியை மணியார்டரில் அனுப்புவார். ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த மனைவி லீலா மேரி அதையும் தன் சம்பளத்தையும் வைத்து மாமியாரையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். பதினான்கு வருஷம் இப்படி ஓடியது.

தபசு காலத்திலும் அவர் ஊதினார். ரெஸ்டாரண்டுக்கு சாம்பல் புதன் ஏது? ஆனால் ஊதியது காற்றோடு போகிறது; பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சாமியார் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், கணக்கு நேராகிவிடும். இப்படித்தான் அவர் தன்னைச் சமாதானப்படுத்தி வந்தார்.

1971 மார்ச்சில் பெலிக்ஸ் நல்ல சம்பளம் கிடைத்து பம்பாய்க்குப் போய்விட்டார். அதற்கு முன்பே ஒரு ரிக்கார்டு கம்பெனி டெரிக்கின் செட்டை வைத்து எட்டுப் பாட்டில் ஒரு இசைத்தட்டு போட ஏற்பாடு செய்து, அட்டையும் அச்சாகி வந்துவிட்டது. ஏப்ரல் 6, பெரிய வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பெலிக்ஸ் இடத்தில் நின்று மரியசூசை ஊதினார். நான்கு பாட்டு வழக்கம்போல் போனது. ஐந்தாவது டெரிக் தானே கட்டிய மெதுவான பாட்டு. தன் முறை வந்து எழுந்தபோது மரியசூசைக்கு அடுத்த சுரம் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் ஊரில் பெண்கள் புலம்பலுக்கு ஒத்திகை பார்க்கிற நாள் இது என்பதுதான். அம்மாவின் புலம்பல் டிரம்பெட்டில் வந்தது, அந்த ஏற்றத்தோடும் இழுப்போடும். டெரிக்கின் கை பியானோவில் ஒரு கணம் நின்று, பிறகு பின்னால் வந்தது. ஒரே தடவைதான். இரண்டாம் தடவை வேண்டாம் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என்ஜினீயர் கையைக் காட்டிவிட்டார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது கென்னத் ஒரு சிகரெட் அட்டையை நீட்டினார்.

“இந்தா, பேரை எழுதிக் குடு மேன். அட்டை மேல ஒட்டறதுக்கு டெரிக் சீட்டு அடிக்கச் சொல்லியிருக்கான். டிரம்பெட், மரியா சூசை. படிக்கிறதுக்கு இத்தாலிக்காரன் மாதிரி இருக்கும்.”

“வேணாம்.”

“என்ன வேணாம்?”

“பேரு வேணாம். தபசு காலம். ஊதுனது போனா போவுது, இது ரிக்கார்டு. காலாகாலத்துக்கும் நிக்கும். அதுலயும் நான் எதை ஊதித் தொலைச்சேன்னு உனக்குத் தெரியாது. ஊர்ல தெரிஞ்சா பலகையில பேரை அடிச்சிடுவாங்க. அம்மா உசுரை வுட்டுடும்.”

“பார்க் ஸ்டிரீட்ல ஊதுனா உங்க குடிக்காட்டுல கேக்குமா? அவ்ளோ காத்தா அடிக்குது?”

“பெலிக்ஸ் பேரே இருக்கட்டும் கென்னத்து. அவர்தான் இல்லியே, அவருக்கு என்ன நஷ்டம்?”

பெலிக்ஸுக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை.

அடுத்த வருஷமே ரெஸ்டாரண்டில் செட்டை நிறுத்திவிட்டார்கள். மரியசூசை ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்தார். அந்த இசைத்தட்டு பெட்டியின் அடியில், மனைவியின் கல்யாணப் புடவைக்குக் கீழே போயிற்று. லீலா மேரிக்கு மட்டும் விஷயம் தெரியும். 1974இல் அன்னம்மாள் செத்துப்போனார், மகன் என்ன ஊதினான் என்று தெரியாமலே. கோயில் செட்டுக்கு அப்போது தலைவர் மரியசூசையின் அண்ணன் சவரியார். தம்பி அவருக்குக் கீழே, எழுதிக்கொடுத்ததை எழுதிக்கொடுத்தபடி ஊதினார். 1977இல் அரியலூரிலிருந்து வந்த பஸ் ஒன்று மாட்டுக்காகத் திடீரென்று பிரேக் போட்டதில் முன்சீட்டுக் கம்பியில் மோதி நான்கு பல் போயிற்று. முன்பல் இல்லாதவன் டிரம்பெட்டை உதட்டில் வைக்க முடியாது. அதன்பிறகு ஆண்டிமடத்தில் ஒரு முந்திரி மண்டியில் எடை போட்டார். மண்டியில் அவருக்குக் “கல்கத்தா” என்று பெயர்.

“என்ன கல்கத்தா, தராசு முள்ளு ஆடுற ஆட்டத்தைப் பாத்தா இங்கிலீஷ் டான்ஸ் மாதிரி இருக்கே?” என்பான் மூட்டை தூக்குகிற தர்மன். “அங்க என்னய்யா பண்ண பதினாலு வருஷம்? டிரம்பெட்டுன்னு சொல்றாங்க, நீ வாயைத் தொறந்தா காத்துதான் வருது.”

அவர் எடையைக் குறித்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போவார். சொல்வதற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது?

1983 நவம்பர் கடைசியில், பொன்மலைக்கே திரும்பிவிட்டிருந்த கென்னத்திடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு இங்கிலீஷ் பேப்பரிலிருந்து வெட்டிய துண்டு. லீலா மேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னார். அந்தப் பழைய இசைத்தட்டு எப்படியோ வெளிநாட்டில் ஜாஸ் சேகரிப்பவர்கள் கையில் போய்ச் சேர்ந்து, கம்பெனி அதைத் திரும்பவும் வெளியிட்டிருக்கிறது. இந்தியாவில் பதிவான ஜாஸ் இசைத்தட்டுகளில் ஐந்தாம் பாட்டின் டிரம்பெட்டுக்கு ஈடாக இன்னொன்று இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட பெலிக்ஸ் நரோனாவைத் தேடிப்பிடித்துப் பேட்டியும் எடுத்திருந்தார்கள். அந்தச் சோகமான மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு அவர், கோவாவில் பெரிய வெள்ளிக்கிழமைகளில் தன் தாயார் பாடக் கேட்டது என்று சொல்லியிருந்தார்.

லீலா மேரி கண்ணாடியைக் கழற்றினார். “உங்கம்மா எப்பங்க கோவாவுல வாக்கப்பட்டாங்க?”

மரியசூசை தாளை வாங்கிப் பார்த்தார். பெலிக்ஸின் படம் இருந்தது. தலை நரைத்து, பல் வரிசையாக.

“அம்மாவையே எடுத்துக்கிட்டான் பாரு” என்றார்.

“அவரு எடுத்தாரா, நீங்க குடுத்தீங்களா? சீட்டு அடிச்சு ஒட்டுறேன்னு சொன்னாங்கல்ல? சாமி கண்ணுல மண்ணைத் தூவலாம்னு பாத்தீங்க. சாமிக்குத் தெரியாதா யாரு ஊதுனதுன்னு? தெரியாமப் போனது மனுசங்களுக்குத்தான்.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு அவரே சொன்னார்: “பதினாலு வருசம் இந்த வூட்டை நான் ஒருத்தி இழுத்தேன். ஒம்புருசன் அங்க என்னா கிழிச்சான்னு கேட்டவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்ல. எழுதுவோம். எடுங்க பேனாவை.”

பதிவுத் தபால் போயிற்று. கம்பெனி கிறிஸ்துமஸுக்கு முன்பே பதில் போட்டது, மரியாதையாக. அடுத்த பதிப்பு வரும்போது பெயரைத் திருத்தத் தயார். ஆனால் டெரிக் ரொசாரியோ இறந்துவிட்டார். ஆகவே அன்று உடன் வாசித்த ஒருவரின் கையொப்பமிட்ட வாக்குமூலமோ, அந்த மெட்டு விண்ணப்பதாரருடையதுதான் என்பதற்கு வேறு நம்பத்தகுந்த சான்றோ வேண்டும்.

உடன் வாசித்தவர்களில் தெரிந்த முகவரியில் இருந்தவர் கென்னத் ஒருவர்தான். பொங்கல் லீவில் இருவரும் பொன்மலைக்குப் போனார்கள்.

கென்னத் கட்டிப்பிடித்துக்கொண்டார். கேக் வந்தது, டீ வந்தது. பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்து முடித்தபோது லீலா மேரி பையிலிருந்து டைப் அடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஒரு கையெழுத்துங்க. அன்னைக்கு ஊதுனது இவருதான்னு.”

கென்னத் தாளைப் படித்தார். படித்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவரில் சிட்னி பாலம் போட்ட காலண்டர் தொங்கியது.

“மிஸ்ஸஸ், என் பொண்ணு கிளெண்டாவுக்கு ஆஸ்திரேலியா பேப்பர் நடக்குது. அங்க பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டிருக்கறது பெலிக்ஸ். அவ போனாத்தான் அப்புறம் நாங்க ரெண்டு பேரும் போவலாம். இப்ப நான் இதுல கையெழுத்துப் போட்டா அவன் சும்மா இருப்பானா?”

“பொய்ல போட வேண்டாங்க. நெசத்துலதான் கேக்கறோம்.”

“நெசந்தான். நான் இல்லன்னா சொல்றேன்? அந்த மாதிரி ஒரு டிரம்பெட் அதுக்கப்புறம் நான் கேக்கல. யார் வந்து கேட்டாலும் வாயால சொல்லுவேன். எழுதி மட்டும் வாங்காதீங்க.”

“அப்ப எதுக்கு பேப்பரை வெட்டி அனுப்புனீங்க?”

“சூசை பாத்தா சிரிப்பானேன்னு அனுப்புனேன்” என்றார் கென்னத். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார் போலிருக்கிறது.

மரியசூசை செருப்பைத் தேடினார். வாசல்வரை வந்த கென்னத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த மெட்டு உங்க ஊரு மெட்டுதானே மேன்? ஊர்ல எழுதி வாங்கு. கோவாவுலயா குடிக்காட்டுலயான்னு உங்க ஆளுங்க சொன்னா கம்பெனி கேட்டுத்தான ஆவணும்?” என்றார்.

கென்னத் சொன்னது சரியான வழிதான். பஸ்ஸில் அரியலூர் வரை லீலா மேரி அந்தத் தாளை மடியிலேயே வைத்திருந்தார். ஊருக்குத் தெரியக்கூடாதென்று பன்னிரண்டு வருஷம் புடவைக்கு அடியில் வைத்திருந்ததை ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டினால்தான் இனிப் பெயர் வரும். இறங்கும்போது லீலா மேரி கேட்டார்: “அம்மாவும் போயிட்டாங்க. இனிமே யாருக்குங்க பயம்?”

“அண்ணனுக்கு” என்றார் மரியசூசை.

தபசு கழியும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. பாஸ்கா முடிந்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சவரியார் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது, அப்பாவைப்போலவே கோபத்தில் குரல் உயராது, இறங்கும்.

“எத்தனை தபசு?”

“அங்க இருந்த வரைக்கும் எல்லாத் தபசும்ண்ணே.”

“திரும்பி வந்து அஞ்சு வருசம் எம்பக்கத்துல நின்னு தேருக்கு முன்னால ஊதுன.”

“ஆமா.”

“இப்ப எதுக்குடா வந்து சொல்ற? செத்தா உங்கூடயே போயிருக்கும்.”

“அந்தக் கோவாக்காரன் அம்மா பாட்டை அவங்கம்மா பாட்டுங்கறாண்ணே. நீயும் ஊருல நாலு பேரும் கேட்டுட்டு, இது எங்கம்மா பாட்டுதான்னு எழுதிக் குடுத்தா போதும். சாமியார் முத்திரை வச்சுத் தரேன்னுட்டாரு.”

சவரியார் துண்டை உதறித் தோளில் போட்டார். “கேக்கறேன். நெசமா இருந்தா மொதக் கையெழுத்து நான் போடறேன். அன்னைக்கே பலகையில உம்பேரையும் நானே அடிப்பேன். உன்னை வுட்டுட்டா நாளைக்கு அடுத்தவன் பேரை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடிக்கறது? சம்மதமான்னு யோசிச்சு வந்து சொல்லு.”

“யோசிச்சுட்டுத்தாண்ணே வந்தேன்.”

மே 13, ஞாயிற்றுக்கிழமை மதியம், கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூடினார்கள். சவரியார், செட்டுக்காரர்கள், அன்னம்மாளோடு சேர்ந்து புலம்பல் பாடிய பெண்களில் உயிரோடிருந்த ஐந்துபேர், சாமியார். ஆண்டிமடத்திலிருந்து ரேடியோ செட்டுக்காரர் அமாவாசை தன் பிளேயரைக் கொண்டுவந்து, வேகத்தைச் சரிபார்க்காமல் ஊசியை வைத்துவிட்டார். டெரிக்கின் பியானோ எலிகள் ஓடுவதுபோல ஓடியது.

“இதுக்கா கல்கத்தாவுல காசு குடுத்தான்?” என்று செட்டில் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மரியசூசையும் சிரித்தார். அமாவாசை திருகைத் திருப்பினார்.

ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தது. பியானோ, தாளத் தட்டில் கென்னத்தின் மெல்லிய உரசல். ஒன்றும் புரியாமல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டிரம்பெட் எழுந்தது. முதல் வரி முடிவதற்குள் சிரிப்பும் பேச்சும் அடங்கிவிட்டன. இரண்டாம் வரியின் கடைசியில் அந்த ஏற்றம் வந்து நின்றபோது, இரண்டாம் குரல் பாடுகிற சந்தனமேரி தன்னை அறியாமல் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். வரி உடைந்து விழுகிற இடத்தில் அவள் உதடும் கூடவே அசைந்தது.

பாட்டு முடிந்ததும், “அன்னம்மா அக்கா இழுப்பு” என்றாள். “அவுங்களேதான். யாருடா இது?”

“நாந்தாங்க அத்தை.”

“எங்க வச்சு ஊதுன?”

“கல்கத்தாவுல. ஓட்டல்ல ஊதுற செட்டோட.”

“என்ன ஓட்டல்? இட்லியா?”

“சாப்பாடு. குடிக்கவும் செய்வாங்க.”

“எப்ப?”

“பெரிய வெள்ளிக்கு மூணு நாள் முன்ன.”

சந்தனமேரி எழுந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. “மகனைப் பறிகொடுத்த தாய் அழுவுற அழுகைடா அது. குடிகாரப் பயலுவ காலாட்டிக்கிட்டுக் கேக்கவா எங்க அக்கா அழுதாங்க?” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். மற்ற நால்வரும் பின்னாலேயே போனார்கள்.

சவரியார் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. “இன்னொருக்கா போடு” என்று அமாவாசையிடம் சொன்னார். அமாவாசை போட்டார். அண்ணனுக்குக் கண்ணீர் வடிந்தது. அதைத் துடைக்காமலே, சாமியார் எழுதிய தாளில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டார்: இந்த மெட்டு எங்கள் தாயார் அன்னம்மாள் பாடியது. ஊதியவன் என் தம்பி மரியசூசை. சாமியார் முத்திரை வைத்தார். பிறகு சவரியார் வீட்டுக்குப் போய் ஒரு சின்ன டப்பாவில் கறுப்பு பெயிண்டும் பிரஷும் எடுத்துவந்தார். வெயிலில் பலகை சூடாகியிருந்ததால் பெயிண்ட் வழிந்து பன்னிரண்டாவது பெயரின் தலையில் இறங்கியது. அதைத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தப் பெயருக்குச் சேதமில்லாமல் பார்த்துக்கொண்டார்.

தாள் மறுநாளே கல்கத்தாவுக்குப் போயிற்று.

ஆகஸ்டு மாதா திருவிழாவில் தேர் வந்தபோது மரியசூசை வீட்டார் தேருக்குப் பின்னால், வெளியூர்க் கூட்டத்தோடு நடந்தார்கள். ஏலாக்குறிச்சியிலிருந்து வந்திருந்த லீலா மேரியின் தங்கை, “ஏன்க்கா இங்க நிக்கறீங்க?” என்று கேட்டாள். “காத்து வருதுன்னு” என்றார் லீலா மேரி. சந்தனமேரி அவர்கள் வீட்டுத் தெருவழியே போவதை நிறுத்திவிட்டாள்; சவரியார் தம்பியைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். மண்டியில் விஷயம் போய்ச்சேர்ந்து, தர்மன் புதிய கேள்வியைக் கண்டுபிடித்திருந்தான்: “கல்கத்தா, ஆத்தா ஒப்பாரிய வித்தியாமே? என்ன வெலைக்குப் போச்சு?”

கம்பெனியிலிருந்து பதில் இல்லை. லீலா மேரி செப்டம்பரில் ஒரு ஞாபகக் கடிதம் போட்டார், நவம்பரில் இன்னொன்று. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, தபால் வந்ததா என்பதுதான். மரியசூசைக்கு நம்பிக்கை இருந்தது. முத்திரை வைத்த தாளை எப்படித் தள்ளுவான்? மரியா சூசை என்று இரண்டாகப் பிரித்துப் போடுவானா, சேர்த்துப் போடுவானா என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தார்.

பதில் ஒரு காலையில் வந்தது. நீளமான பழுப்புக் கவர். இங்கிலீஷ் பேசத் தெரிந்த அளவுக்கு அவருக்குப் படிக்க வராது. கவரைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மண்டியில் அன்றைய எடையெல்லாம் போட்டுவிட்டு, சாயங்காலம் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். லீலா மேரி முதலில் மனசுக்குள் படித்தார்.

“சொல்லு.”

“உங்க சான்றிதழ் திருப்தியா இருக்காம். டிரம்பெட் ஊதுனது நீங்கதான்னு ஒத்துக்கறாங்களாம்.”

“ஒத்துக்கிட்டானா?”

“இருங்க, இன்னும் இருக்கு. அந்த ரிக்கார்டு வெளிநாட்டுல எதிர்பார்த்த மாதிரி விக்கலியாம். பட்டியல்லேருந்தே எடுத்துட்டாங்களாம். அடுத்த பதிப்பு கெடையாதாம். அதனால பேரைத் திருத்தறதுங்கற பிரச்னையே எழலைங்கறாங்க. நீங்க காட்டுன அக்கறைக்கு நன்றியாம்.”

மரியசூசை கையை நீட்டித் தாளை வாங்கினார். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். லீலா மேரி விரலை வைத்துக் காட்டினார். முகவரியில் ஒரு முறை, உள்ளே ஒரு முறை. சேர்த்துத்தான் டைப் அடித்திருந்தார்கள்.

“அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?” என்று லீலா மேரி கேட்டார். “ஒத்துக்கிட்டாங்கன்னாவது?”

“என்னத்தைச் சொல்லப் போற? அவரு அன்னைக்கே ஒத்துக்கிட்டாரு.”

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 1985 ஜனவரி 24, வியாழக்கிழமை.